பிரெண்டா மில்னரின் கட்டுரைகளும் சைட்டேஷன் கணக்கில் வராத பாதியும்

ஒரு ஆய்வாளரின் பெயரைச் சொன்னதுமே கூகுள் ஸ்காலரைத் திறந்து ஹெச்-இண்டெக்ஸ், அதாவது அவருடைய கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் (சைட்டேஷன்) என்பதை வைத்துப் போடும் எண், எவ்வளவு என்று பார்ப்பது இப்போது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. நான் உளவியல் முதுகலை மாணவர்களுக்கு நரம்பு உளவியல் பாடம் எடுக்கிறேன், அங்கேயும் இதே பேச்சுதான். அந்த எண்ணின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. யாரைப் படிக்க வேண்டும் என்று தெரியாத இடத்தில் அது வழிகாட்டத்தான் செய்கிறது. ஆனால் நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னரின் கட்டுரைகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு படித்தால், ஒருவருடைய ஆய்வு உலகத்தில் உண்டாக்கிய மாற்றத்தில் எத்தனை பங்கு அந்த எண்ணுக்குள் வராமலே போகிறது என்று புரியும். அதிலும் மில்னரின் விஷயத்தில், வராமல் போன பங்குதான் பெரியது என்பது என் எண்ணம்.

மில்னர் 1918 ஜூலை 15-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்கப் போய் உளவியலுக்கு மாறினார். 1944-ல் கனடாவின் மான்ட்ரியலுக்குக் குடிபெயர்ந்தார், மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப்பிடம் ஆய்வு செய்து 1952-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அப்புறம் நூறு வயதைத் தொடும் வரைக்கும் அதே ஊர், அதே மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனம்.

அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட கட்டுரை 1957-ல் வந்தது. வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் முதல் ஆசிரியர், மில்னர் இரண்டாவது. மொத்தமே பதினொரு பக்கம். நரம்பியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளைப் பட்டியல் போட்டால் இது கட்டாயம் இருக்கும். ஆயிரக்கணக்கான மேற்கோள்கள், அறுபது எழுபது வருடம் கழித்து இன்றும் கூடிக்கொண்டே போகின்றன. ஹெச்.எம். என்ற முதல் எழுத்துகளால் மட்டுமே உலகம் அறிந்திருந்த ஒரு இளைஞரைப் பற்றிய கட்டுரை அது. கடுமையான வலிப்பு நோய்க்காக 1953-ல் ஸ்கோவில் அவருடைய மூளையின் இரண்டு பக்கத்திலும் டெம்போரல் மடல் என்ற பக்கவாட்டுப் பகுதியின் உட்புறத்தை, அங்கே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியோடு சேர்த்து எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து அவருக்குப் புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை.

இந்த இடத்தில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்கோவில் இந்த நினைவிழப்பைப் பற்றி 1954-லேயே எழுதிவிட்டார். மூன்று பக்கக் கட்டுரை, அதில் அண்மை நினைவு மிக மோசமாகப் போய்விட்டது என்று ஓரிரு வரி. அந்த வரிகளால் உலகம் மாறவில்லை. நோயாளிக்குக் கழிப்பறைக்குப் போகும் வழிகூட நினைவில்லை என்று ஒரு மருத்துவர் எழுதினால், படிப்பவர் அதைப் பொதுவான மனக்குழப்பம் என்றோ புத்தி மங்கல் என்றோ எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. 1954-க்கும் 1957-க்கும் நடுவில் என்ன மாறியது என்று கேட்டால், மில்னர் ரயிலேறி, ஸ்கோவில் இருந்த அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டுக்குப் போனார், அதுதான்.

அவர் போனதற்கும் ஒரு முன்கதை உண்டு. மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர் வலிப்பு நோயாளிகளுக்கு ஒரு பக்க டெம்போரல் மடலை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். பெரும்பாலானவர்களுக்குப் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஆனால் இரண்டு பேருக்கு மட்டும், அதில் பி.பி. என்று குறிப்பிடப்படுபவர் ஒரு சிவில் இன்ஜினியர், இடது பக்க அறுவைக்குப் பிறகு நினைவு அடியோடு போய்விட்டது. ஒரு பக்கம்தானே எடுத்தோம், ஏன் இப்படி? அந்த இருவருக்கும் மறுபக்க ஹிப்போகாம்பஸ் முன்பே, யாருக்கும் தெரியாமல் பழுதாகியிருக்க வேண்டும், அதனால் அறுவையோடு இரண்டு பக்கமும் இல்லாமல் போயிருக்கிறது என்று பென்ஃபீல்டும் மில்னரும் ஊகித்தார்கள். 1955-ல் அமெரிக்க நரம்பியல் சங்கக் கூட்டத்துக்காக அவர்கள் எழுதிய சுருக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கோவில், என்னிடமும் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று பென்ஃபீல்டைத் தொடர்பு கொண்டார். பி.பி. 1964-ல் இறந்தார், பிரேதப் பரிசோதனையில் அவருடைய வலது ஹிப்போகாம்பஸ் உண்மையிலேயே பழைய பாதிப்பால் சுருங்கிப் போயிருந்தது தெரிந்தது. அந்த முடிவு அச்சில் வர 1974 ஆகிவிட்டது. ஒரு ஊகம், ஏறக்குறைய இருபது வருடக் காத்திருப்பு, கடைசியில் அது சரி. அந்த 1974 கட்டுரையை யார் இன்று தேடிப் படிக்கிறார்கள்!

சரி, ஹார்ட்ஃபோர்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1955 ஏப்ரல் 26. மில்னர் கேட்கிறார், இன்று என்ன தேதி? 1953 மார்ச் என்கிறார் ஹெச்.எம். வயது? 27. பரிசோதனை அறைக்குள் வருவதற்குச் சற்று முன்னால்தான் கார்ல் ப்ரிப்ரம் என்ற விஞ்ஞானியோடு பேசிக்கொண்டிருந்தார், யாரும் என்னோடு பேசவில்லையே என்கிறார். இதுவரை எந்த மருத்துவரும் எழுதியிருக்கக்கூடியதுதான். அப்புறம் மில்னர் முறைப்படி சோதனைகளை வைக்கிறார். ஐக்யூ 112, அதாவது சராசரிக்கு மேல். அறுவைக்கு முன்னால் எடுத்தபோது 104 இருந்தது, குறையவே இல்லை. வெக்ஸ்லர் நினைவுச் சோதனையில் 67, சராசரி 100 இருக்க வேண்டிய இடத்தில். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் அந்தக் கட்டுரையின் உயிர். புத்தி முழுசாக இருக்கிறது, பேச்சு இருக்கிறது, பண்பு இருக்கிறது, எண்களைக் கொஞ்ச நேரம் மனதில் பிடித்துவைக்கவும் முடிகிறது, புதிய நினைவு மட்டும் இல்லை. அப்படியானால் நினைவு என்பது புத்தியோடு கலந்து மூளை முழுக்கப் பரவிக்கிடக்கும் ஒன்றல்ல, அதை உருவாக்கித் தங்கவைக்கத் தனியாக ஒரு இடம் தேவைப்படுகிறது. கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் எலிகளின் மூளையில் இங்கேயும் அங்கேயும் வெட்டிப் பார்த்து, நினைவுக்கு என்று தனி இடத்தைக் காணோம் என்று 1950-ல் எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் அவருடைய வார்த்தைக்கு எவ்வளவு கனம் இருந்தது என்று யோசித்தால் இந்த இரண்டு எண்களின் துணிச்சல் புரியும்.

இன்னொன்று, எல்லோரும் ஹெச்.எம். கட்டுரை என்றே சொல்கிறார்கள், ஆனால் அதில் இருப்பது பத்து நோயாளிகள். மற்றவர்களில் பெரும்பாலோர் தீவிர மனநோய்க்காக அதே மாதிரி அறுவைக்கு ஆளானவர்கள். அவர்களையும் மில்னர் சோதித்தார். அறுவை ஹிப்போகாம்பஸ் வரை போனவர்களுக்கு நினைவிழப்பு இருந்தது, அதைத் தொடாமல் முன்பகுதியோடு நின்றவருக்கு இல்லை. இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் ஹெச்.எம். ஒரு விசித்திரமான தனி நபராக நின்றிருப்பார், அவ்வளவுதான். அந்தப் பத்துப் பேரில் டி.சி. என்று ஒருவர், 47 வயது மருத்துவர், ஹெச்.எம்.முக்கு நிகரான நினைவிழப்பு அவருக்கும் இருந்தது. மனநோயும் சேர்ந்திருந்ததால் யாரும் அவரைத் தொடர்ந்து ஆராயவில்லை. ஆயிரக்கணக்கான மேற்கோள்கள் வாங்கிய கட்டுரையில் இருக்கிற மனிதர், ஆனால் பாடப்புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

இதே 1955 ஜூலை 15-ல், அன்று மில்னருக்கு 37-வது பிறந்தநாள், யூஜின் கார்ஃபீல்ட் என்பவர் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை மேற்கோள் காட்டுகிறது என்று ஒரு அட்டவணை போடலாம் என்ற யோசனை அது. அதிலிருந்து 1964-ல் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வந்தது, பிறகு ஒரு இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் வாங்குகின்றன என்று சொல்லும் இம்பாக்ட் ஃபாக்டர், 2005-ல் கலிஃபோர்னியாவில் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொடுத்த ஹெச்-இண்டெக்ஸ். கார்ஃபீல்டின் முதல் யோசனை ஆட்களைத் தரம் பிரிப்பதற்கானது அல்ல, ஒரு கருத்து எங்கிருந்து எங்கே போனது என்று தேடிப் பிடிப்பதற்கானது. அந்த நோக்கத்தோடு பார்த்தால் அது அருமையான கருவி, நானே அதை வைத்துத்தான் பழைய கட்டுரைகளைத் தேடுகிறேன்.

ஆனால் ஒரு மனிதரின் வாழ்நாள் வேலையை எடைபோட அதைக் கொண்டுவரும்போதுதான் சிக்கல். ஹெச்-இண்டெக்ஸ் கணக்கில், ஒருவருக்கு 50 கட்டுரைகள் தலா 50 மேற்கோளாவது வாங்கியிருந்தால் 50. இதில் ஒரு கட்டுரை சில ஆயிரம் வாங்கியிருந்தாலும் வெறும் 50 வாங்கிய கட்டுரைக்குச் சமமான ஒன்றுதான். இம்பாக்ட் ஃபாக்டரோ முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகளை மட்டும் பார்க்கிறது. 1957-க்கு அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? குரங்குகளுக்கு அதே மாதிரி அறுவை செய்து பார்த்தார்கள், மில்னரே சகாக்களோடு சேர்ந்து 1960-ல் அப்படி ஒரு ஆய்வை வெளியிட்டார், எதிர்பார்த்த நினைவிழப்பு வரவில்லை. குரங்குகளுக்குக் கொடுத்த பயிற்சி வேறு வகை நினைவைச் சோதித்தது என்று பிடிபட்டு, 1978-ல் மார்ட்டிமர் மிஷ்கின் சரியான சோதனையோடு விலங்குகளில் அதைக் காட்டும் வரை இருபது வருடம் இழுபறி. ஸ்குவையர், ஸோலா-மார்கன் என்ற ஆய்வாளர்கள் இந்த நினைவு அமைப்பின் உறுப்புகளை ஒழுங்காக வரைந்து காட்டியது 1991-ல். ஒரு கண்டுபிடிப்பு பக்குவப்பட முப்பது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது, நாம் இரண்டு வருடத்தில் அதன் தாக்கத்தை அளக்கப் பார்க்கிறோம்!

எனக்கு மில்னரின் எழுத்தில் மிகவும் பிடித்தது 1957 அல்ல, 1962. ஹெச்.எம்.முக்கு முன்னால் ஒரு நட்சத்திரப் படம், இரட்டைக் கோட்டில் வரைந்தது. அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் பென்சிலால் சுற்றி வர வேண்டும். ஆனால் கையையும் காகிதத்தையும் நேராகப் பார்க்கக்கூடாது, கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். முயன்று பாருங்கள், முதல் தடவை பென்சில் எதிர்த் திசையில் ஓடும், மூலையில் திரும்பும் இடத்தில் கை உறைந்து நிற்கும். மூன்று நாள், ஒரு நாளைக்குப் பத்து முறை. ஹெச்.எம்.மின் தவறுகள் முறைக்கு முறை குறைகின்றன, இரண்டாம் நாள் அவர் முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறார், மூன்றாம் நாள் ஏறக்குறையத் தவறே இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் இதை இதற்கு முன் செய்ததாக அவருக்கு நினைவே கிடையாது. கடைசியில் அழகாக வரைந்து முடித்துவிட்டு, கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன், சுலபமாகத்தான் இருக்கிறது என்று அவரே வியந்தார். கை கற்றுக்கொண்டது, ஆளுக்குத் தெரியவில்லை. நினைவு ஒரே பொருள் அல்ல, பல வகை, ஒவ்வொன்றும் மூளையில் வேறு வேறு வழி என்ற இன்றைய புரிதல் முழுக்க இந்த நட்சத்திரத்திலிருந்து கிளம்பியதுதான்.

இதை அவர் எங்கே வெளியிட்டார்? பிரான்சில் ஹிப்போகாம்பஸ் பற்றி நடந்த ஒரு கருத்தரங்கின் தொகுப்பில், பிரெஞ்சு மொழியில், ஒரு அத்தியாயமாக. இன்றைக்கு ஒரு இளம் ஆய்வாளர் தன்னுடைய வாழ்க்கையின் மிகச் சிறந்த முடிவை ஆங்கிலம் அல்லாத மொழியில் ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் போட்டால், பதவி உயர்வுக் குழு அதற்கு எத்தனை புள்ளி கொடுக்கும்? 2012-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய சில இதழாசிரியர்களும் விஞ்ஞானிகளும் டோரா என்ற பிரகடனத்தில் இதைத்தான் வலியுறுத்தினார்கள், இதழின் இம்பாக்ட் ஃபாக்டரை வைத்து ஒரு ஆய்வாளரின் வேலையை மதிப்பிடாதீர்கள், கட்டுரைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்று. மில்னரின் 1962-ஐ விட இதற்கு நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிறகு, மேற்கோளே காட்டப்படாமல் போகிற பங்கு. வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் 96 சதவீதம் பேருக்குப் பேச்சு இடது மூளையில், இடது கைக்காரர்களில் 70 சதவீதம் பேருக்கு இடதில், 15 சதவீதம் வலதில், மீதி 15 இரண்டு பக்கத்திலும். உளவியல் படித்தவர்கள் எல்லோரும் இந்த எண்களைத் தேர்வில் எழுதியிருப்பார்கள். எங்கிருந்து வந்தது? 1977-ல் ராஸ்முசனும் மில்னரும் வெளியிட்ட கட்டுரை, கழுத்து ரத்தக்குழாய் வழியாக மூளையின் ஒரு பாதியைக் கொஞ்ச நேரம் மட்டும் உறங்க வைக்கிற அமைட்டால் சோதனையிலிருந்து. கருத்து பொது அறிவாகிவிட்டால் அதன் மூலத்தை யாரும் சொல்வதில்லை, ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் இந்தப் போக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். உப்பு கரைந்த பிறகு குழம்பில் அதைத் தனியாகக் காட்ட முடியாது அல்லவா, அப்படி. அட்டைகளை நிறம், வடிவம், எண்ணிக்கை என்று பிரிக்கச் சொல்லி, திடீரென்று விதியை மாற்றும் விஸ்கான்சின் அட்டைச் சோதனையை மில்னர் உருவாக்கவில்லை, அது 1940-களிலேயே இருந்தது. ஆனால் மூளையின் முன்மடல் பாதிக்கப்பட்டவர்கள் விதி மாறியது தெரிந்தும் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று 1963-ல் காட்டி, அதை மருத்துவமனைகளுக்குள் கொண்டு வந்தவர் அவர்.

அவருடைய மாணவர் ஃபிலிப் கோர்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு பலகையில் ஒழுங்கில்லாமல் ஒட்டிய ஒன்பது கட்டைகள், சோதிப்பவர் சிலதை வரிசையாகத் தட்டுவார், அதே வரிசையில் நீங்களும் தட்ட வேண்டும். உலகம் முழுக்க மருத்துவமனைகளில் இந்தச் சோதனை இருக்கிறது, குழந்தைகளுக்கும் வைக்கிறார்கள், முதியவர்களுக்கும் வைக்கிறார்கள். அது முதலில் வந்தது 1972-ல் மெக்கில்லில் கோர்சி சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில். கட்டுரையாக வெளிவராத ஆய்வேடு! இன்றும் கோர்சி 1972, வெளியிடப்படாத ஆய்வேடு என்றே மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த ஆய்வேட்டை வழிநடத்தியவர் மில்னர். ஒரு ஆசிரியர் தன் மாணவரை எப்படி வளர்த்தார் என்பது எந்த இண்டெக்ஸிலும் ஏறாது. சூசன் கோர்கினும் அவருடைய மாணவர்தான், பின்னர் எம்.ஐ.டி.யில் இருந்துகொண்டு ஹெச்.எம்.மைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். 1957 கட்டுரையில் ஸ்கோவில் எட்டு சென்டிமீட்டர் வரை எடுத்ததாக எழுதியிருந்ததை, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து ஐந்து சென்டிமீட்டர் அளவுதான் என்று 1997-ல் திருத்தியது கோர்கினும் சகாக்களும்தான். அந்தத் திருத்தமும் 1957-க்கு ஒரு மேற்கோளாகவே சேர்ந்திருக்கும், எண்ணுக்குப் பாராட்டும் திருத்தமும் ஒன்றே.

ஆனால் இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஹெச்.எம்.முக்கு நடந்தது தெரிந்த பிறகு, இரண்டு பக்கமும் எடுக்கும் அந்த அறுவையைச் செய்யாதீர்கள் என்று ஸ்கோவிலே மற்ற மருத்துவர்களை எச்சரித்தார். மில்னர் அதோடு நிற்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் எடுத்தாலும் பி.பி.க்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கலாமே, அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? பேச்சு எந்தப் பக்கம் என்று பார்க்கப் பயன்பட்ட அமைட்டால் சோதனையிலேயே நினைவையும் சேர்த்துச் சோதிக்கும் முறையை 1962-ல் பிராஞ்ச், ராஸ்முசன் இருவரோடும் சேர்ந்து வெளியிட்டார். அறுவை செய்யப்போகும் பக்கத்தை உறங்க வைத்துவிட்டு, நோயாளிக்குச் சில பொருள்களைக் காட்டி, மருந்து தெளிந்த பிறகு நினைவிருக்கிறதா என்று கேட்பது. நினைவில்லை என்றால் மறுபக்கத்தை நம்ப முடியாது, கத்தியை வைக்கும் முன் மறுபடி யோசிக்க வேண்டும். இதனால் நினைவு தப்பிய நோயாளிகள் எத்தனை பேர்? நடக்காத ஒன்றை யார் எண்ணுவது. அறுவை முடிந்து வீட்டுக்குப் போய், மறுநாள் காலையில் மனைவியிடம் நேற்று நடந்ததைப் பேசிய ஒவ்வொருவரும் மில்னரின் தாக்கம்தான், அவர்கள் எந்தக் கட்டுரையின் அடிக்குறிப்பிலும் வர மாட்டார்கள்.

2009-ல் பால்ஸான் பரிசும், 2014-ல் ஜான் ஓ'கீஃப், மார்கஸ் ரெய்க்கிள் இருவரோடும் சேர்ந்து காவ்லி பரிசும் மில்னருக்குக் கிடைத்தன. ஹெச்.எம். 2008 டிசம்பர் 2-ல் இறந்தார், அதற்குப் பிறகே ஹென்றி மொலைசன் என்ற முழுப் பெயர் வெளியே வந்தது. அரை நூற்றாண்டு ஒவ்வொரு வாரமும் எங்கோ ஒரு வகுப்பில் பேசப்பட்ட மனிதர், பெயர் இல்லாமலே இருந்தார்.

மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 1957 கட்டுரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பதினொரு பக்கம், ஒரு மாலை போதும். ஹெச்.எம். பகுதியோடு மூடிவிடாதீர்கள். அடுத்து வருகிற டி.சி.யையும், அவருக்குப் பின்னால் வருகிற மற்றவர்களையும், பத்துப் பேரையும் ஒப்பிடுகிற அட்டவணையையும் படியுங்கள். யாருக்கு எவ்வளவு தூரம் எடுத்தார்கள், யாருக்கு என்ன மதிப்பெண் வந்தது என்று விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.